சேவல் சிலிர்க்க வேண்டும்

அத்தியாயம் 9

கார் வந்து நின்றதும் வசந்தாமணி வாசலுக்கு ஓடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வண்டிக் கூரையில் கூடை எதுவும் இல்லை. டிரைவரின் சட்டையில் இறகு ஒட்டியிருக்கவில்லை. அதன் பிறகுதான் வெளியே வந்தாள்.

"கோழி ஏத்துன வண்டியில்லீங்க. உங்கம்மா மூணு தடவ கேட்டுப்போட்டாங்க," என்றார் டிரைவர்.

"சீட்டுக்கு அடியில?"

"அங்கயும் இல்லீங்க."

அயோத்தியாப்பட்டணத்துப் பெரியம்மா வீட்டில் ஒரு வாரமாக இப்படித்தான் பொழுது போகிறது. ஹாலந்தில் அவள் மூன்று மாதம் வேலை பழகப்போகும் பண்ணை சாதாரணப் பண்ணை அல்ல. முட்டைக்கோழிகளுக்குத் தாய்க்கோழிகளை வளர்க்கும் பண்ணை. அங்கே ஒரு கோழிக்கு நோய் வந்தால் பல ஊர்ப் பண்ணைகளுக்குக் குஞ்சு கிடைக்காது. அதனால் அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அங்கே வந்து சேர்வதற்கு முந்திய ஒரு வாரம் எந்தக் கோழியையும் தொட்டிருக்கக் கூடாது. கோழி இருக்கும் இடத்தில் கால் வைத்திருக்கவும் கூடாது. கதவருகே நிறுத்திக் கேட்பார்கள். தொட்டேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் நாலாயிரம் கோழி வளர்க்கும் நாச்சிமுத்துவின் மகளுக்கு இந்த நிபந்தனை.

வீட்டுக் கொல்லைக்கதவைத் திறந்தால் கோழிக்கொட்டாய். அதனால்தான் அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா சென்னியம்மாள் இடையில் ஒரு முறை வந்தாள். தலைக்குக் குளித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகத் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்ப் புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்பா வரவே இல்லை. பக்கத்து வீட்டு ஜெபமலர் டீச்சர் வீட்டுக்குப் போன் செய்தார்.

"கோழிக்காரன் பேசறேன் அம்மணி. போன் கம்பியில நோவு ஏறாதில்ல?"

கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிற மகள் சிரித்தாள். "ஏறாதுங்கப்பா."

அப்பாவின் சம்மதம் கிடைத்த கதை வாசகர்களுக்குத் தெரியும். பாக்கி இருந்தது அம்மாவின் சம்மதம். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "கருப்பணார் உத்தரவு குடுத்தா போவட்டும்," என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் பேசவில்லை.

இன்று காலை ஜேடர்பாளையத்தில் உத்தரவு கேட்பது. இரவு சேலத்தில் ரயில். நாளை மறுநாள் விமானம்.

காவிரியில் தண்ணீர் குறைவாக இருந்தது. கருப்பணார் கோயில் தடுப்பணைக்குக் கீழே, கரையை ஒட்டி. சுவர் கிடையாது. ஒரு மேடை, நட்டு வைத்த வேல்கள், ஒரு மணி.

நாச்சிமுத்து முன்னாலேயே வந்துவிட்டார். மேடைக்கு வரவில்லை. தூரத்தில் புளியமரத்தடியில் தன் ராஜ்தூத் வண்டியில் சாய்ந்து நின்றார். ஈரத் தலை. விறைப்பான புது வேட்டி.

"ஆத்துல ரெண்டு தடவ முழுகிப்போட்டேன்," என்று அங்கிருந்தே கத்தினார். "செருப்புங்கூடப் புதுசு. அப்பவும் கிட்ட வரமாட்டேன்."

"காத்து எந்தப் பக்கமுங்கப்பா அடிக்குது?"

"உன்ர பக்கத்துல இருந்து என்ர பக்கம். பாத்துத்தான் நிக்கறேன்."

சென்னியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. "கோயல்ல வந்து என்னத்தச் சந்தக்கடையாட்டம் கத்திக்கிட்டு. அம்மணி, நீ வந்து கும்புடு."

பூசாரி பொன்னன் வேல்களுக்கு எலுமிச்சை குத்திக்கொண்டிருந்தார். பொங்கல் பானை கொதித்தது. உத்தரவு கேட்கும் முறை இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலைக் கொண்டுவருவார்கள். யாருக்காகக் கேட்கிறார்களோ அவர் அதைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். சேவல் உடம்பைச் சிலிர்த்தால் சாமி சம்மதம். சிலிர்க்காவிட்டால் மறுபடி தெளிப்பார்கள். காலையில் தெளிக்க ஆரம்பித்து மாலை வரை நின்று, கடைசியில் பெண் பார்க்கப் போகாமலே வீடு திரும்பியவர்கள் உண்டு.

வசந்தாமணி முறையை மறந்திருக்கவில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக அவள் கோழி என்று நினைத்தபோதெல்லாம் கண்ணில் வந்தது வெள்ளைக் கோழி, கம்பி வலை, தீவனத் தட்டு. சிவப்புச் சேவல் ஒன்றுகூட அந்த நினைப்பில் இல்லை.

அவள் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தாள். "இந்தா அம்மணி, புடி," என்றார் ராசப்பன் மாமா. அம்மாவின் தம்பி. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கை நீட்டினார். கோழிக்காரர் வீட்டில் பிறந்த கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. இடது உள்ளங்கை நெஞ்சுக்கு அடியில். வலது கை இறக்கைமேல்.

பிடித்த பிறகுதான் அவளுக்கு என்ன பிடித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

"மாமா. இது கோழி."

"கோழியா?" ராசப்பன் அக்காவைப் பார்த்தார். "பட்டணத்துல படிச்சா இப்படித்தான். கருப்பணாருக்கு நேந்து உட்ட சேவல் அம்மணி இது."

"தொடக்கூடாதுங்க மாமா. ஒரு வாரமா நான்..."

"அது பண்ணைக்கோழிக்குச் சொன்னது கண்ணு," என்றாள் சென்னியம்மாள். அவள் குரலில் ஏமாற்று எதுவும் இல்லை. அப்படித்தான் நம்பினாள். "இது சாமி சொத்து. இதுல பண்ணை எங்க வந்துச்சு?"

வசந்தாமணி புளியமரத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகத் தன் மகளை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கிற மனிதர், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தோன்றவில்லை.

பொன்னன் சொம்பை எடுத்தார்.

சேவலில் கனம் இல்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பார்வைக்குப் பெரிய சேவல். கையில் வெறும் இறகு. நெஞ்செலும்பு உள்ளங்கையில் கத்திமுனை போல நின்றது. மூச்சு விடும்போது தொண்டையில் கரகரவென்றது. வால் பக்கம் ஈரம். குனிந்து பார்த்தாள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்.

தண்ணீர் தலையில் விழுவதற்கு முன்பே சேவலின் கழுத்து பின்பக்கமாக வளைந்தது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது. இறக்கை, கால், கொண்டை, எல்லாம்.

சென்னியம்மாள் குலவையிட்டாள்.

"கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்துட்டானே!" என்று ராசப்பன் கையைத் தட்டினார். "மச்சான், பாத்தீங்களா? சொம்பு சாய்க்கல, அதுக்குள்ள சிலுத்துருச்சு!"

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். சிரித்தார். அம்மா அழுதுகொண்டே மகளின் முகத்தைத் தடவ வந்தாள். பொன்னன் அரிவாளைக் கையில் எடுத்தார்.

இனி நடக்கப்போவது வசந்தாமணிக்குத் தெரியும். இங்கேயே அறுப்பார்கள். இறகு பிய்த்துக் கழுவுவார்கள். கறியைப் பங்கு போட்டு வீட்டுக்கு ஒரு பொட்டலம். அப்பாவின் பங்கு பண்ணைக்குப் போகும். அந்தப் பொட்டலத்தோடு நோயும் போகும்.

வாயைத் திறக்காவிட்டால் அவள் இன்று ரயில் ஏறலாம். அம்மாவின் சம்மதம் கிடைத்தாயிற்று. கையைக் கழுவினால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அறுக்காதீங்க," என்றாள்.

பொன்னனின் கை நின்றது.

"அப்பா," என்று கூப்பிட்டாள். "நம்ம கோழிக்குக் கழிச்சல் ஊசி எப்பங்க போட்டீங்க?"

புளியமரத்தடியில் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியை எந்தக் கோழிக்காரனிடமும் சும்மா கேட்க மாட்டார்கள்.

"போன மாசம் போட்டிருக்கோணும். உன்ர பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சதுல தள்ளிப்போச்சு. ஏன் அம்மணி?"

அவள் சேவலை உயர்த்திக் காட்டினாள். அது மறுபடி நடுங்கியது. கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகைத் தொட்டது. நாச்சிமுத்து இரண்டடி முன்னால் வந்தார். நின்றார். திரும்பப் புளியமரத்துக்கே போனார்.

"மாப்ளே," என்று மைத்துனரைக் கூப்பிட்டார். "உங்க ஊட்ல கோழி ஏதாச்சும் செத்துச்சா?"

"அடைக்கோழி ஒண்ணு. ரெண்டு வெடக்கோழி. வெயிலுக்கு மச்சான்."

"இது?"

"இதுக்கென்ன? ரெண்டு நாளாத் தீனி எடுக்கல. சாமிக்குப் போறோம்னு அதுக்கே தெரிஞ்சு போச்சு, வெரதம் இருக்குதுன்னு உங்க தங்கச்சி சொன்னா. நானும் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் எடுத்து வந்தேன்."

நாச்சிமுத்து விரலை மடக்கி நாள் எண்ணினார்.

"பொங்கலுக்கு அண்டா வேணும்னு பண்ணைக்கு வந்தியே. எப்ப?"

"அமாவாசைக்கு மறு நா."

"கொட்டாய்க்குள்ள போனயா?"

ராசப்பன் யோசித்தார். "குமாரசாமியத் தேடிக்கிட்டுப் போனேன். மூணாவது கொட்டாயில இருந்தான். அங்க நின்னு சித்தே பேசிப்போட்டு வந்தேன்." அப்புறம்தான் அவர் முகம் மாறியது. "மச்சான், என்ன சொல்றீங்க? சாமி சிலுத்தது பொய்யிங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"அம்மணி சொல்லட்டும். படிச்சவ சொல்லட்டும்."

"இது கழிச்சல் நோவுங்க மாமா," என்றாள் வசந்தாமணி. "தண்ணி தெளிக்காட்டியும் நடுங்கும்."

பானையில் பொங்கல் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. எடுத்து இறக்க யாருக்கும் தோன்றவில்லை. பொன்னன்தான் விறகை இழுத்துப் போட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எல்லா வகைச் சண்டையும் இந்த மேடையில் பார்த்தவர்.

"நோவு வந்த சேவல அறுக்கறது வழக்கமில்ல," என்றார். "சாமி உத்தரவு குடுக்கவும் இல்ல, மறுக்கவும் இல்ல. வேற சேவல் கொண்டாங்க. பொழுது கெடக்குது."

சென்னியம்மாள் மகளைப் பார்த்தாள். "புடிக்கறயா சாமி? நல்ல சேவலாப் பாத்து, நீயே சோதிச்சுப் பாத்து?"

"முடியாதும்மா. நோவில்லாத சேவலும் கோழிதான். இப்பப் புடிச்சதே தப்பு."

"அப்ப உத்தரவு இல்லாமப் போறதா?"

"போக முடியுமான்னே தெரியலம்மா."

அம்மா மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சேவலை ராசப்பனே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். சட்டையைக் கழற்றிக் குழிக்குள் போட்டார். எல்லோரும் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். வசந்தாமணி பெட்டியைத் திறந்து, ஹாலந்தில் உடுத்தவென்று எடுத்து வைத்த சேலை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கட்டியிருந்ததை மணலில் போட்டு எரித்தாள்.

நாச்சிமுத்து கரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் கிட்டே வரப்போனபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப நாந்தான் நோவுக்காரி. நீங்க அக்கட்டயே இருங்க. பண்ணைக்குப் போற ஆளு."

"குளிச்சுப்போட்டயே."

"அப்பவும்."

அவர் அங்கேயே உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் பத்து ஆள் உட்காரும் இடம்.

"அங்க எப்ப போய்ச் சேருவ?"

"இன்னிக்கு ரயில்ல போனா நாலாம் நாள்."

"ஒரு வாரம் ஆகாது."

"ஆகாது."

"கேட்டாங்கன்னா என்ன சொல்லுவ?"

அவள் கேள்வியைத் திருப்பினாள். "உங்க பண்ணைக்கு ஒருத்தன் வேலைக்கு வரான். நேத்துத்தான் நோவுச் சேவலத் தொட்டேங்கறான். என்ன செய்வீங்க?"

"உள்ள உடமாட்டேன்."

"தொடலைன்னு பொய் சொல்லிப்போட்டு வந்து, அப்பறமாத் தெரிஞ்சா?"

நாச்சிமுத்து ஒரு கல்லை எடுத்து ஆற்றில் போட்டார். "காலை ஒடிப்பேன்." பிறகு, "ஆனா நீ என்ர புள்ள. உன்ர விசயத்துல என்னைக் கேக்காத."

பரமத்தி வேலூர் தபால் ஆபீசில் சென்னைக்கு அவசர ட்ரங்க் கால் போட்டார்கள். மாணவர்களை வெளிநாட்டுக்கு வேலை பழக அனுப்பும் சங்கத்தின் செயலாளர் மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து பேசினார். வசந்தாமணி நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள். சாமி பற்றிச் சொல்லவில்லை.

"குளிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க சார்."

"துணி மாத்தியாச்சா?"

"எரிச்சாச்சு."

"அப்புறம் என்னம்மா? இதையெல்லாம் போன் பண்ணிக் கேட்பாங்களா? ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே. கேட்டா இல்லைன்னு சொல்லு. டிக்கெட்டை மாத்த முடியாது. நாளை மறுநாள் நீ ஏறலைன்னா உன் இடம் போச்சு. நம்ம பிள்ளைகளுக்கு வர்ற வருஷம் அவங்க இடம் குடுக்கறதும் சந்தேகம். புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"நாளைக் காலையில சென்ட்ரல்ல பார்க்கலாம்."

அவள் போனை வைத்தாள். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் அவரும் பேசினார். அதுதான் சிக்கல்.

வெளியே அம்மா காரில் இருந்தாள். அப்பா சாலைக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தார். ராசப்பன் கோயிலிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வசந்தாமணி அவர்களிடம் போகவில்லை. திரும்பித் தந்தி குமாஸ்தாவிடம் போய் வெளிநாட்டுத் தந்தி அனுப்ப வேண்டும் என்றாள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். இன்று நோயுற்ற சேவலைத் தொட்டேன், உங்கள் ஊரில் கோழி இல்லாத இடத்தில் ஒரு வாரம் காத்திருக்கத் தயார், வரலாமா என்று உடனே தெரிவிக்கவும். பதில் வர வேண்டிய முகவரி, பெரியம்மா வீடு.

குமாஸ்தா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சேவலைத் தொட்டதுக்கா வெளிநாட்டுத் தந்தி?"

"ஆமாங்க."

"சொந்தச் சேவலா?"

"சாமி சேவல்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தந்தி போயிற்று.

வெளியே வந்து அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள். "உண்மையத் தந்தி குடுத்துப்போட்டேனுங்க. நாளைக்குப் பொழுதுக்குள்ள வாங்கன்னு பதில் வந்தா, நாளை ராத்திரி ரயில்ல போயி விமானத்தப் புடிச்சுருவேன். இன்னியிலிருந்து எண்ணிக்கை மறுபடி மொதல்ல இருந்து."

"பதில் வரலைன்னா?"

"போகல."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் நாமக்கல் பக்கமிருந்து மொபெட்டில் குமாரசாமி வந்தான். பண்ணையில் பத்து வருஷமாக இருப்பவன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் முதலாளியின் வண்டியைப் பார்த்து நிறுத்தினான். மூச்சு வாங்கியது.

"மூணாவது கொட்டாயிங்க. காலைல தீனி வெச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இப்பப் பத்துப் பன்னண்டு கோழி கழுத்த முறுக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு போயிருச்சுங்க."

"அங்கயே நில்லுங்க அண்ணா," என்றாள் வசந்தாமணி. அவன் கார் பக்கம் ஓரடி வைத்திருந்தான். அப்படியே நின்றான்.

நாச்சிமுத்துவின் முகம் ஒன்றும் காட்டவில்லை. நாலாயிரம் கோழி. ஊசி போடத் தெரிந்த கை பண்ணையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. இன்று பொழுதுக்குள் போட்டு முடிக்க வேண்டும். எல்லோரையும் விட வேகமாகப் போடுகிற கை சாலைக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்தக் கை கொட்டாய்க்குள் போனால், ஒரு சேவலைத் தொட்டேன் என்று போன தந்தி பொய்யாகிவிடும்.

அவர் மகளைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினார். "மாட்டாஸ்பத்திரில ஊசி மருந்து இருக்குதான்னு பாக்கறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அப்பா போன திக்கைப் பார்க்கவில்லை. குமாரசாமியிடம் பேசினாள்.

"மூணாவது கொட்டாய்க்கு ஊசி வேண்டாம், நோவு வந்த பொறகு போட்டுப் பலன் இல்ல. கதவச் சாத்துங்க. அங்க போற ஆளு மத்த கொட்டாய்க்குப் போகக்கூடாது. ஒண்ணாவதுல ஆரம்பிச்சு ரெண்டு, நாலுன்னு போடுங்க. செத்தத வெளிய வீசாதீங்க, சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க. மருந்த ஐஸ்லயே வெச்சிருங்க. கரைச்சு வெச்சுப்போட்டு டீ குடிக்கப் போகாதீங்க."

"நீங்க வரலீங்களா சின்னம்மணி?"

அவன் கேட்டதில் குத்தல் இல்லை. வருவாள் என்றே நினைத்திருந்தான்.

"வரல."

அவள் காரில் ஏறினாள். முன் சீட்டைப் பார்த்தபடி, "சேலம் போலாங்க," என்றாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அங்கே வைத்தாள்.

டிரைவர் சாவியைத் திருப்பவில்லை. அவர் சென்னியம்மாளைக் கண்ணாடியில் பார்த்தார்.

சென்னியம்மாள் பின் சீட்டில் இருந்தாள். மகளை ஒரு தரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று வசந்தாமணி நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள்.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் நாமக்கல் பஸ்ஸுல போறேன். எனக்கும் ஊசி போடத் தெரியும். உன்ர அளவுக்கு வேகம் வராது." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ போயி நாள எண்ணு."

"அம்மா..."

"உத்தரவப் பத்தி இப்பப் பேசாத."

பஸ் ஹாரன் கேட்டது. சென்னியம்மாள் சாலையைக் கடக்கப்போனாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். மகளிடம் வரவில்லை. டிரைவரின் ஜன்னலுக்குக் குனிந்தாள்.

"தம்பி, வழியில எங்கயும் நிறுத்தாத. ராசிபுரத்துல சந்தை. ரோட்டோரம் நாட்டுக்கோழிக் கூடை இருக்கும். அங்க வரும்போது கண்ணாடிய ஏத்திக்க."